மாவுக்கட்டு அக்காவின் பின் சீட்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு மாவுக்கட்டு அறை. அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கட்டுப் போடுகிறவளை, பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோரும் மாவுக்கட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று வாயைப் பிடுங்குகிறவர்களிடம், "ஊர்ல இருக்கிற எலும்பெல்லாம் ஒழுங்கா நின்னாத்தானே எனக்கு நேரம் கிடைக்கும்" என்பாள். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள், ஒன்பது வயதுத் தம்பியை அவள்தான் ஆளாக்கினாள் என்பதுதான் உண்மையான காரணம். அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தை அவளுக்குப் பிடிக்காது.

வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள், குதிகால் போனவர்கள். மூன்று வயது, நாலு வயது. சைக்கிளில் பின்னால் உட்காரவைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் கால் சக்கரக் கம்பிக்குள் போயிருக்கும். தோல் உரிந்து, சில சமயம் எலும்பும் விரிசல் விட்டு வரும். தூக்கிக்கொண்டு வருகிற அப்பாக்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வரியைச் சொல்வார்கள்: "பக்கத்துத் தெருதான் மேடம்."

"ஏன், பக்கத்துத் தெருவுல சக்கரம் சுத்தாதா?" என்பாள் அவள். அதோடு விடவும் மாட்டாள். காலை வைக்க ஒரு தட்டு, சக்கரத்தை மூட ஒரு கம்பி வலை, இடுப்பில் ஒரு வார், தலைக்கு ஒரு ஹெல்மெட், இது நாலையும் வாங்க வக்கில்லாதவன் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாமே, எந்தக் கேடு வந்தது என்று கேட்பாள். கை பாட்டுக்குப் பஞ்சைச் சுற்றிக்கொண்டிருக்கும். வாய் பாட்டுக்கு அப்பனைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒருவர் மேலிடத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "கொஞ்சம் பதமா சொல்லக்கூடாதாம்மா?" என்றார். "இருபது வருஷமா பதமாத்தான் சார் சொல்றேன். கூட்டம் குறையவே இல்லையே" என்றாள். அவர் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவள், தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் தன் சைக்கிளில் அதை ஏற்றிக்கொள்ள ஆசைப்பட்டது எல்லோருக்கும் ஆச்சரியம். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சமையல் தெரிந்தவனுக்குத்தான் அடுப்பு மேல் பயமும் இருக்கும், ஆசையும் இருக்கும். ஆனால் அவசரப்படவில்லை. குழந்தை உட்கார்ந்தால் போதாது, ஹெல்மெட் போட்ட தலையைத் தானாகத் தாங்குகிற கழுத்து வேண்டும் என்று ஒன்றரை வயது வரை காத்திருந்தாள். சீட்டைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள். முதுகுப் பக்கம் உயரமாக, இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் வாரோடு, கால் இரண்டும் கிண்ணம் மாதிரி உள்ளே அடங்குகிற சீட் கிடைக்கும்வரை விடவில்லை. பின் சக்கரத்துக்குத் தானே நின்று வலை அடிக்கச் சொன்னாள். அந்தச் சீட்டில் முதல் ஒரு வாரம் குழந்தை ஏறவில்லை, பத்துக் கிலோ மூட்டை ஒன்றுதான் ஏறியது. பின்னால் பாரம் இருந்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கிறது என்று பழகிக்கொள்ள, மூட்டைக்கு வாரை மாட்டித் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மூட்டைக்கு ஹெல்மெட் போடலையாக்கா?" என்று முனைக்கடைத் தையல்காரர் கேட்டார்.

"மூட்டை கிழிஞ்சா நீங்க தைச்சுக் கொடுத்துடுவீங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

தம்பி மனைவி தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். குழந்தையை மழலையர் பள்ளியில் விட ஆள் வேண்டும். தம்பி பெயின்ட் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி; காதும் ஃபோனும் ஒட்டிப் பிறந்தவன். வேறு வழியில்லாமல்தான் தம்பி மனைவி தலையாட்டினாள். ஆட்டும்போதே சொல்லிவிட்டாள்: "பாப்பா மேல ஒரே ஒரு அடி பட்டாலும் அதோட சரி அண்ணி. அப்புறம் நீங்க கேக்கவும் கூடாது, நான் தரவும் மாட்டேன்."

"சரிம்மா" என்றாள் அக்கா. அந்தச் சரியில் அவள் பெருமை முழுதும் இருந்தது. அடி பட விட்டால்தானே!

இரண்டரை வருடம் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை. வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட், புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடை வாருக்குள் இரண்டு விரல். பிறகு வாசலில் வண்டி. தன் சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, வண்டியை இடுப்போடு அணைத்துக்கொண்ட பிறகுதான் குழந்தை ஏறும். இறங்கும்போது குழந்தைதான் முதலில். குழந்தை வண்டியில் இருக்கிற ஒரு விநாடி கூட வண்டி அவள் கையை விட்டு இருக்காது. ஸ்டாண்டு போட்டிருக்கிறதே என்று யாராவது சொன்னால், "ஸ்டாண்டு வண்டிக்கு, பிள்ளைக்கு இல்ல" என்பாள்.

பத்து நிமிடப் பாதை. அந்தப் பத்து நிமிடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு வாய் ஓயாமல் பேசும். எதிரே வருகிற லாரிக்கு ஏன் மூக்கு நீளம், பறவைக்கு ஏன் சட்டை இல்லை, அத்தைக்கு ஏன் அப்பா இல்லை. குழந்தையை அவள் வாலு என்று கூப்பிடுவாள். வாலு பேசப் பேச இவள் மிதிப்பாள். நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் அழுகையைக் கேட்கிறவளுக்கு, அந்தப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. சொல்லப்போனால் அது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. மற்றதெல்லாம் தம்பியின் வீடு, தம்பியின் குடும்பம், தம்பியின் கூடத்தில் இவளுக்கு ஒரு கட்டில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. முந்தின நாள் மழையில் ஹெல்மெட் வார் நனைந்துவிட்டது என்று பின்பக்க ஜன்னலில் காயப் போட்டிருந்தாள். இவள் குழந்தையின் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி பரபரத்தான். வீட்டு நடை குறுகல், அக்காவின் சைக்கிளுக்குப் பின்னால் அவன் பைக் நின்றது. சைக்கிள் நகர்ந்தால்தான் பைக் வெளியே வரும். "நேரமாச்சுக்கா, நான் வச்சுடறேன்" என்று சைக்கிளை வாசலில் தள்ளி நிறுத்தி, குழந்தையைத் தூக்கிச் சீட்டில் வைத்து வாரையும் மாட்டிவிட்டான்.

வெளியே வந்தவள் திடுக்கிட்டாள். "டேய், ஹெல்மெட் போடாம ஏன்டா ஏத்தினே?"

"போய் எடுத்துட்டு வாயேன். இதுக்கு ஒரு கூப்பாடா?"

"வண்டியைப் பிடிச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் கையை எடுக்காதே."

"பிடிச்சிருக்கேன், போக்கா."

இறக்கிவிடச் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் இறக்க வைத்திருப்பாள். இவன் தம்பி, தான் ஒன்பது வயதிலிருந்து வளர்த்த பிள்ளை, பிடித்திருக்கிறேன் என்று சொல்கிறான், பிடித்திருப்பான். உள்ளே போய் ஜன்னலில் இருந்து ஹெல்மெட்டை எடுத்தாள். வார் காய்ந்துதான் இருந்தது. திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் வாசலில் ஃபோன் மணி கேட்டது. "சொல்லுங்க சார்" என்று அவன் குரல் கேட்டது. அந்தக் குரல் நகர்ந்து தள்ளிப் போவதும் கேட்டது. அப்புறம் இரும்பு தரையில் விழுகிற சத்தம்.

வார் நன்றாகத்தான் வேலை செய்தது. குழந்தை சீட்டோடு, சீட் வண்டியோடு, மொத்தமாகச் சரிந்து வாசற்படியில் விழுந்திருந்தது. தலை தரையில் படவில்லை. இடது கை படியின் முனைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் ஓடி வந்தாள். தம்பி ஆறேழு அடி தள்ளி நின்று, காதில் ஃபோனோடு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வாடகைக் காரில் போகும்போது அவன்தான் மனைவிக்கு ஃபோனில் சொன்னான். அக்கா குழந்தையின் கையை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தத்தில் அவன் என்ன சொல்கிறான் என்று அவள் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. பெரிய டாக்டர் நேராக்கிப் பிடித்துக்கொள்ள, கட்டுப் போட வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றார்கள். "நானே போடறேன்" என்றாள். பஞ்சைச் சுற்றினாள். மாவுச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். குமிழ் வருவது நின்றதும் எடுத்துப் பிழிய வேண்டும். பிழிந்தால் உடனே சுற்ற வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் கையிலேயே கல்லாகிவிடும். சரியாக அந்த நேரத்தில் மூச்சிரைக்கத் தம்பி மனைவி உள்ளே வந்தாள். சின்ன டாக்டர் தாளில் எழுதிக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"அக்கா சைக்கிள்ல தினமும் கூட்டிட்டுப் போவாங்க சார்" என்றான் தம்பி. "இன்னைக்கு உட்கார வச்சுட்டு, ஹெல்மெட்டை மறந்துட்டாங்கபோல, எடுக்க உள்ள போனாங்க. நான் பைக்கை எடுத்துட்டிருந்தேன். வண்டி சாஞ்சிடுச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஈரமாவு சொட்டியது. அவன் அவளைப் பார்க்கவில்லை; சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா அக்கா?" என்றார் சின்ன டாக்டர். நம்ப முடியாத குரல்.

பதில் சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் கை நிற்கும். கை நின்றால் மாவு இறுகிவிடும், நேராகப் பிடித்திருக்கிற எலும்பு நழுவும். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றினாள். ஒரு சுருள், இரண்டு சுருள், உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினாள். முடித்து நிமிரும்போது தாளில் எல்லாம் எழுதியாகிவிட்டது. தம்பி மனைவி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

நடைவழியில் தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான். "அவளுக்கு மூக்கு மேல கோவம் வரும்னு உனக்கே தெரியும்க்கா. இப்பச் சொன்னா வீடே ரெண்டாயிடும். ரெண்டு நாள் ஆகட்டும். நானே நிதானமா சொல்லிடறேன்."

"என்னையாடா மாட்டிவிட்டே?" என்றாள்.

"உன்னைன்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டாக்கா."

சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு இவள் பாவாடைக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான். நான்தான் உடைத்தேன் என்று இவள் ஒப்புக்கொள்வாள். வளர்ப்பு அப்படி. யாரைக் குறை சொல்வது?

ரெண்டு நாள் ஒரு வாரமாயிற்று. வாய் திறக்கவே இல்லை கல்லுளிமங்கன். ஞாயிற்றுக்கிழமை அவனே ஸ்பேனரோடு வந்து பின் சீட்டைக் கழற்றினான். "அவ கண்ணுல படாம இருக்கட்டும்" என்றான், ஏதோ உதவி செய்கிறவன் மாதிரி. மறுநாளிலிருந்து குழந்தை அப்பாவின் பைக்கில் பள்ளிக்குப் போயிற்று. எப்படி? பெட்ரோல் டேங்க் மேல், வார் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், கட்டுப் போட்ட கையை மீட்டர் மேல் வைத்துக்கொண்டு. சிக்னலில் ஃபோன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு பேசுவான். தெருவில் ஒருவர் கூட ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கூட்டிப்போனால் அது பாசம், அத்தை கூட்டிப்போனால் அது பொறுப்பின்மை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ!

மருத்துவமனையிலும் செய்தி பரவிவிட்டது. ஒரு நாள் குதிகால் போன குழந்தையோடு வந்த அப்பாவிடம் வழக்கம்போல ஆரம்பித்தாள். "காலை வைக்க ஒரு தட்டுப் போடக்கூடாதா?" என்றாள். அந்த ஆள் தலை குனிந்தான். ஆனால் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "விடுங்கக்கா, நம்ம வீட்டுலயே நடந்துபோச்சே, அவரை என்ன சொல்றது?" என்றார். அன்றிலிருந்து யாரையும் அவள் கேட்பதில்லை. பேசாமல் பஞ்சைச் சுற்றினாள், பேசாமல் அனுப்பினாள். இருபத்திரண்டு வருடத்துப் பேச்சு ஒரே வரியில் தீர்ந்துபோயிற்று. கண்காணிப்பாளர் மட்டும் மகிழ்ந்திருப்பார்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. தம்பி இல்லாத நேரம் பார்த்துத் தம்பி மனைவியிடம் போய் நின்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அன்னைக்கு பாப்பாவை ஏத்தினது நான் இல்லம்மா. அவன்தான் ஏத்தினான். பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனேன். ஃபோன் வந்ததும் கையை விட்டுட்டான்."

தம்பி மனைவி ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "அவர் அன்னைக்கே சொன்னாரு அண்ணி."

"என்னன்னு?"

"கொஞ்ச நாள் கழிச்சு அக்கா வந்து என் மேலதான் பழி சொல்லுவாங்க, நீ ஒண்ணும் பேசாதே, பாவம், அவங்களுக்கு வேற என்ன இருக்குன்னு."

முந்திக்கொண்டான். பொய் சொன்னதோடு நிற்காமல், அவள் உண்மை சொல்லப்போகிற வழியிலும் முன்னாலேயே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். அன்றிரவு அவன் சாப்பிட்டுக்கொண்டே, "கொஞ்சம் தண்ணி கொடுக்கா" என்றான், எப்போதும்போல. அவள் கொடுத்தாள், அதுவும் எப்போதும்போல. அந்தக் கையை அவளே வெறுத்தாள்.

இனி இருப்பது ஒரே சாட்சி. நாலு வயது. ஆனால் வாலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். போன வருடம் யார் எந்த பலூனை உடைத்தார்கள் என்று சொல்லும். வீட்டில் வைத்துக் கேட்க மனம் வரவில்லை. குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போலாகிவிடும். அடம் பிடித்து வாயைப் பிடுங்கியதாக நாளைக்குப் பேச்சு வரும். கட்டுப் பிரிக்கிற நாளுக்காகக் காத்திருந்தாள். தம்பி மனைவிதான் கூட்டி வருவாள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது, குழந்தை தானாகச் சொல்லும். அப்புறம் யாரும் யாரையும் மறுக்க முடியாது. ஸ்பேனரை எடுத்தவன் கையாலேயே சீட்டைத் திரும்ப மாட்ட வைக்கலாம். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கப்போவதில்லை. மன்னிப்பு கூட வேண்டாம், பத்து நிமிடம் திரும்பக் கிடைத்தால் போதும். நாள்காட்டியில் அந்தத் தேதியை அவள் வட்டமிடவில்லை, மறந்தால்தானே.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை வந்தார்கள். அம்மாவும் பெண்ணும்தான். கட்டு அழுக்காகி, மேலே கிரேயானில் ஒரு பூனை வரைந்திருந்தது. ரம்பத்தைப் பார்த்ததும் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. "இங்க பாரு வாலு" என்று ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இது மாவைத்தான் வெட்டும், ஆளை வெட்டாது. கூசும், அவ்வளவுதான்." குழந்தை சிரித்தது. இரண்டு பக்கமும் கோடு இழுத்து, இடுக்கியால் விரித்து, பஞ்சை வெட்டினாள். உள்ளேயிருந்து மெலிந்துபோன, உலர்ந்த தோல் உரிகிற ஒரு சின்னக் கை வெளியே வந்தது. எலும்பு அருமையாகச் சேர்ந்திருந்தது. இவ்வளவு நேராக அவள் யாருக்கும் போட்டதில்லை.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "வாலு, அன்னைக்கு உன்னைச் சீட்ல உட்கார வச்சது யாரு, ஞாபகம் இருக்கா?"

தம்பி மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். ஆனால் தடுக்கவில்லை. அவளுக்கும் கேட்க வேண்டியிருந்ததோ என்னவோ.

"ஓ, இருக்கே" என்றது குழந்தை. "நீதான் அத்தை."

துணி நின்றது. "நல்லா யோசிச்சுச் சொல்லுடா. அத்தை ஹெல்மெட் எடுக்க உள்ள போனேன்ல? அப்ப உன் பக்கத்துல யாரு நின்னா?"

"யாருமே இல்ல. நீ என்னை விட்டுட்டுப் போயிட்டே. ஃபோன் பேசப் போயிட்டே. அப்புறம் நான் விழுந்துட்டேன். அப்பா ஓடி வந்து தூக்கினாரு." கதை சொல்வது போல, இடம் பார்த்து நிறுத்தி, கையை ஆட்டிச் சொன்னது. ஒரு வார்த்தை கூடத் தடுமாறவில்லை. பொய் சொல்கிற பிள்ளையின் முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. ஆறு வாரம் ஒவ்வொரு இரவும் அப்பா சொல்லக் கேட்டுக் கேட்டு, குழந்தை தன் கண்ணாலேயே அதைப் பார்த்துவிட்டது.

தம்பி மனைவி மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

குழந்தை கீழே குனிந்து அத்தையின் முகத்தைப் பார்த்தது. புதிதாக வெளியே வந்த கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டது.

"அழாத அத்தை. நான் உன் மேல கோவமா இல்ல. அத்தை பாவம், தெரியாம பண்ணிட்டா, அவளைத் திட்டக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."